கையிற் படிந்த கறை

கெடில நதிக்கரையில், பண்ருட்டிக்கு மிக அண்மையில் உள்ள பழம்பதி திருவதிகை. வீரட்டானம் என்னும் சிவன் கோயிலால் அவ்வூர் புகழ் பெற்றது. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் சைவ சமய ஆசாரியர் நால்வரின் திருவுருவங்கள் வரிசையாக நிற்கக் காணலாம். அந்நால்வருள் திருநாவுக்கரசர் யாவர் என்று கண்டுகொள்வதில் சிறுவர்க்கும் இடர்ப்பாடு இல்லை. தோளின்மீது சார்த்திய ஒரு கருவியே அவரைக் காட்டிக் கொடுக்கும். உழவாரம் என்பது அதன் பெயர். கோயில் வெளிகளில் முளைத்த புல்லையும் பூண்டையும் செதுக்க உதவும் கருவி அது. மன்னர்க்கு வாளும் புலவர்க்கு ஏடும் அடையாளமாவதே உலக வழக்கு. பெரும் புலவராகிய ஒருவர்க்குப் புல் செதுக்கும் கருவி அடையாளமாயிற்று என்பது சற்று நின்று எண்ணத்தக்க செய்தியாகும்.

அவர் ஏழாம் நூற்றாண்டினர். திருவதிகைக்கு அருகிலுள்ள திருவாமூரிற் பிறந்தவர். அவர்தம் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துரைத்துள்ளார். இளமையில் பெற்றோரை இழந்த அவர்க்குத் தமக்கையார் திலகவதியாரே தாயும் தந்தையும் ஆனார். தம்பியார் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் அறிஞர் போற்றும் தலைமைப் பதவியில் வீற்றிருந்தார். தமக்கையாரோ திருவதிகையை அடைந்து, பொழுது புலருமுன் எழுந்து கோயிலை அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் பறித்து மாலை தொடுத்தார். பின்னர் நோயுற்று மீண்ட தம்பியாரும் அத்தொண்டினையே மேற்கொண்டார். நேற்று வரை பீடத்தில் அமர்ந்து பிறர் வணங்க வாழ்ந்தவர், இன்று வெயிலில் குனிந்து புல் செதுக்கினார். அதனால் அவர் நாணியதாக எங்கும் செய்தி இல்லை.

நாணாமைக்குக் காரணம் அவருடைய உள்ளத்தின் உறுதி மட்டுமோ? அவரைச் சூழ்ந்திருந்த கூட்டத்தையும் நோக்க வேண்டும். அடியார் கூட்டத்தில் அலகிடுதலும் மெழுகுதலும் உயர்ந்த தொண்டுகளாகவே மதிக்கப்பெற்றன. பூந்துருத்தியின் அருகே திருஞானசம்பந்தர் சிவிகையில் வந்தபொழுது, நாவுக்கரசர் ஒருவரும் அறியாமற் கூட்டத்துள் நுழைந்து, சிவிகை தாங்குவோருள் ஒருவராய்த் தோள் கொடுத்தார் என்பர். அப்பர் எங்குளார் என்று சம்பந்தர் வினவ, சிவிகையின் கீழிருந்தே விடை வந்ததாம். சம்பந்தர் பதறிக் கீழே இறங்கினார். சிவிகை சுமத்தல் அந்நாளில் கூலியாளர்க்குரிய வேலை. அதே சுமையை அடியார் நடுவே சுமந்தவர்க்கு அது பேறாயிற்று. சுமையின் எடை மாறவில்லை. சுற்றி நின்றோரின் கண் மாறியிருந்தது.

எனினும் இவ்வரலாற்றை இத்துடன் முடித்துவிடுதல் நேர்மையாகாது. அதே பெரிய புராணத்தில் ஆதனூர் நந்தனாரின் வரலாறும் உள்ளது. கோயில் முரசுகளுக்கு வேண்டிய தோலையும் வாரையும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பையும் அளித்து வந்தவர் அவர். அவர் தந்த தோலினால் முரசு உள்ளே முழங்கிற்று; அவரோ குலத்தின் காரணமாக வாயிலின் புறத்தே நின்றார். நாவுக்கரசர் உழவாரத்தைத் தாமே விரும்பி எடுத்தார். வேண்டாவெனில் கீழே வைத்திருத்தலும் கூடும். நந்தனார்க்குத் தொழில் பிறப்போடு ஒட்டிவைக்கப்பட்டது. விரும்பி ஏற்ற பணி தொண்டு எனப் பெயர் பெற, விதிக்கப்பட்ட பணி இழிவு எனப் பெயர் பெற்றது. இந்நாளிலும் இவ்வேறுபாடு மறையவில்லை. விடுமுறை நாள்களில் அலுவலர்களும் வணிகர்களும் குழுவாகச் சேர்ந்து பழங்கோயில்களில் உழவாரப் பணி செய்கின்றனர். அது நல்ல செயலே. அவர்களை ஊர் பாராட்டுகிறது. மறுநாட் காலையில் அக்கோயிலின் வீதியைக் கூட்ட வரும் தூய்மைப் பணியாளரை நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் நிலம் முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றது. முந்திரிக் கொட்டையின் ஓட்டினுள் ஒருவகை எண்ணெய் உண்டு. அது தோலிற் பட்டால் எரியும்; புண்ணாக்கும்; கருநிறக் கறையை ஏற்றும். கொட்டையை வறுத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்கள் கையிற் சாம்பலையோ எண்ணெயையோ தடவிக்கொண்டே வேலை செய்வர். அப்படியும் விரல் நுனிகள் கறுத்துவிடும். சில வேளைகளில் தோல் உரியும். தேங்காய்ச் சவுக்காரமும் புளியும் கொண்டு தேய்த்தாலும் அக்கறை ஒரு நாளிற் போவதன்று.

அத்தகைய பெண் ஒருத்தியின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலையிற் கொட்டகையில் இருபது பெண்களோடு அவள் அமர்ந்திருக்கிறாள். இருபது பேர் கையும் ஒரே நிறம். பருப்பு உடையாமல் முழுதாக எடுப்பவளே அங்குக் கைகாரி. புதிதாக வந்த சிறு பெண்கள் அவள் கையைப் பார்த்துத் தொழில் கற்கின்றனர். மாலையில் அவள் வீட்டிற்கு வருகிறாள். அந்தக் கையால் ஈட்டிய பணத்திலேதான் அரிசி வந்தது என்பதை வீட்டார் அறிவர். கறையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இரவில் உறவினர் வீட்டுத் திருமணம். பந்தலிற் சந்தனக் கிண்ணம் நீட்டப்படுகிறது. அவள் தன் வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். காலையில் கைத்திறனுக்குச் சான்றாக இருந்த கறை, இரவில் மறைக்கத்தக்க குற்றம்போல் ஆகிவிட்டது. கை ஒன்றே. பகலுக்கும் இரவுக்கும் இடையே மாறியது அவளைச் சூழ்ந்திருந்தோர் மட்டுமே.

இந்த உண்மையைச் சமூகவியல் அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். சிகாகோ பல்கலைக்கழகத்து எவரெட் ஹியூஸ் என்பார் 1951 ஆம் ஆண்டில், ஒவ்வொரு சமுதாயமும் தனக்கு இன்றியமையாத சில பணிகளைச் சிலர் தலையிற் சுமத்திவிட்டு, பின்னர் அவர்களையே தள்ளிவைக்கிறது என்பதை எடுத்துக்காட்டி, அப்பணிகளை அழுக்குத் தொழில் என்று குறித்தார். அழுக்கு என்பது மண்ணும் சேறும் மட்டுமன்று. பிறர் மனத்தில் உள்ள எண்ணமும் அதில் அடங்கும் என்பது அவர் கருத்து. 1999 ஆம் ஆண்டில் ஆஷ்ஃபோர்த், கிரைனர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மற்றொரு வினாவை எழுப்பினர். இழிவாகக் கருதப்படும் தொழில்களில் இருப்போர் தம்மைத் தாமே இழிவாக எண்ணுவர் என்றுதானே எதிர்பார்க்க வேண்டும்? ஆராய்ந்து பார்த்தால் பெரும்பாலோர் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரே தொழிலைச் செய்வோர் நெருங்கி வாழுமிடத்தில், அத்தொழிலுக்கென ஒரு பேச்சும், ஒரு நகைச்சுவையும், ஓர் அளவுகோலும் தோன்றிவிடுகின்றன. அவை வெளியுலகின் ஏளனம் உள்ளே புகாதபடி வேலிபோல் நிற்கின்றன. அழுக்கை அள்ளுகிறோம் என்று சொல்லாமல் ஊரை நோயினின்று காக்கிறோம் என்று சொல்லிக்கொள்வது அவ்வேலியின் ஒரு முள். நாற்றத்தைப் பேசாமல் திறமையைப் பேசுவது மற்றொன்று.

வேலி இருக்கும் இடத்தில் மானம் நிலைக்கும் என்றால், தனித்து வேலை செய்வோர் நிலை யாது? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்து சிரிக்கத் தோழியர் இல்லை. அவள் நாள் முழுதும் காண்பது தன்னினும் செல்வரான ஒரு குடும்பத்தின் முகங்களையே. தனக்கெனத் தனிக் குவளை வைக்கப்படுவதை அவள் தனியாகவே காண்கிறாள். ஒரே வகையான தொழிலில் கூட்டமாக இருப்போரைவிடத் தனித்திருப்போர்க்கு ஏளனம் ஆழமாகத் தைப்பதன் காரணம் இதுவே.

திருவதிகைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலி உள்ளது. 1930களில் சம்புலிங்க முதலியார் என்பவருடைய நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று நீரோடு வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரிக் கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று. ஆய்வுகள் பல நடந்தபின் 1956 நவம்பர் 14 ஆம் நாள் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957 மே 20 ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். மேலுள்ள மண்ணை அகற்றி, கீழிருந்து பேரழுத்தத்துடன் மேலெழும் நீரை இரவு பகலாக இறைத்து, 1961 ஆகஸ்டில் கரிப் படலத்தைக் கண்டனர். 1962 இல் அக்கரியினால் மின்சாரம் பிறந்தது.

அந்நாளிற் சுரங்கத்தில் இறங்கியவருட் பலர் உழவர் குடியினர். நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவரும் அவருள் இருந்தனர். சொந்த நிலத்தில் ஏர் பிடித்தவனுக்குக் கூலிக்கு மண் வெட்டுதல் ஒரு தாழ்வாகவே தோன்றும். மணி அடித்தால் வருவதும் மணி அடித்தால் போவதும் உழவனுக்குப் பழக்கமில்லை. உடையெல்லாம் தூசி படிந்து ஊருக்குள் நடந்து வருதலும் பெருமைக்குரிய காட்சியன்று. ஆயினும் அத்தூசிக்கு விரைவிலேயே வேறொரு பொருள் உண்டாயிற்று. மாதந்தோறும் தவறாத சம்பளம், வீடு, மருத்துவமனை, பள்ளி ஆகியவை வந்தன. அன்றியும், நாட்டுக்கு ஒளி தருவோர் நாம் என்னும் பேச்சு அவர்களிடையே வளர்ந்தது. காலப்போக்கில் நெய்வேலியில் நிலையான வேலை பெற்ற இளைஞனுக்குப் பெண் கொடுக்கச் சுற்றுவட்டார ஊரார் முந்திக்கொண்டனர். தூசி அதே தூசிதான்.

நெய்வேலி நகரியத்தின் பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர். வட்டத்துக்கு எண் உண்டு, சாதி இல்லை. பழைய ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னாலே குலமும் தொழிலும் வெளிப்பட்டுவிடும். இங்கோ பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒருவனைத் தாழ்த்துவதற்குப் பழைய முகவரி பயன்படாமற் போயிற்று. இதனால் ஏற்றத்தாழ்வு முற்றும் ஒழிந்துவிட்டதென்று எண்ணலாகாது. பதவிக்கேற்பக் குடியிருப்பின் வகை மாறிற்று. வீட்டைக் கண்டு பதவியை அறியும் வழக்கம் தோன்றிற்று. இவற்றினும் பெரிய பிளவு, நிலையான தொழிலாளர்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் இடையே உள்ளது. இருவரும் ஒரே சுரங்கத்தில் நிற்பர். ஒரே தூசியைச் சுவாசிப்பர். ஒருவர் உடையிற் படிந்த தூசி பெருமையின் சின்னம். மற்றவர் உடையிற் படிந்தது நிச்சயமின்மையின் சின்னம். நிலையான பணி வேண்டி ஒப்பந்தத் தொழிலாளர் பன்முறை வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் மட்டுமன்றி, தம் தொழில் ஒரு தொழிலாக மதிக்கப்பெற வேண்டும் என்பதும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது.

நிலக்கரித் தொழிலாளர் மதிப்பு உலகெங்கும் இவ்வாறே ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ஸ்காட்லாந்தில் 1606 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கரி வெட்டுவோரைச் சுரங்க முதலாளியின் இசைவின்றி வேறிடம் செல்லவொட்டாமற் கட்டிவைத்தது. சுரங்கம் விற்கப்பட்டால் ஆட்களும் அதனுடன் கைமாறினர். 1775, 1799 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே அக்கட்டை அவிழ்த்தன. அடிமையாக வைக்கப்பட்ட மக்களைப் பிறர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் வடபால் உள்ள டர்ஹாம் நகரிலோ 1871 முதல் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா நடைபெற்று வருகிறது. ஒவ்வொரு சுரங்கத்தாரும் தத்தம் பட்டுக்கொடியை ஏந்தி, இசைக்குழு முன்செல்ல நகர வீதிகளில் அணிவகுப்பர். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தந்தையர் நடப்பர். தந்தையின் தொழில் எதுவென்று அக்குழந்தைகள் கற்ற முதற் பாடம் அந்த இசை. அங்கிருந்த சுரங்கங்கள் யாவும் மூடப்பட்ட பின்னரும் விழா நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலும் அத்தகைய கூட்டுணர்வு தோன்றியது. 1918 ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைமையேற்க, திரு.வி.கலியாணசுந்தரனார் அதன் வளர்ச்சிக்குத் துணை நின்றார். ஆலைத் தொழிலாளர் மேடை ஏறித் தம் குறைகளைப் பேசக் கற்றது அச்சங்கத்தில்தான். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் தினம் கொண்டாடினார். பெரும் பாறையை நால்வர் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை 1959 இல் மெரினாக் கடற்கரையில் எழுந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது அது. இந்நாளில் பலர்க்கு அது பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டுமே தெரியும் என்பது வேறு கதை.

தொழிலாளர் தமக்குள் கொள்ளும் பெருமை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வேலி ஏளனத்தைத் தடுக்கும், நச்சுக்காற்றைத் தடுக்காது. கழிவுநீர்க் குழியில் இறங்குவோர் நிலை இதற்குச் சான்று. தங்களுக்குள் அவர்கள் ஒருவர்க்கொருவர் உயிர்த்துணையாக இருக்கின்றனர். குழியில் மயங்கியவரை மீட்க இறங்கி மற்றவரும் மாண்ட நிகழ்ச்சிகள் பல. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993 இலும் 2013 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. குழியில் இறங்கி இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் அத்தொகை முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது. துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று தமிழ்நாட்டு அரசு 2020 இல் மாற்றியது. பெயர் மாற்றம் வேண்டத்தக்கதே. ஆனால் பெயரை மாற்றுவதினும் இயந்திரத்தை வாங்குவது சற்றே செலவு மிக்கது; அதனாற்போலும் முன்னது விரைவாக நடந்துவிடுகிறது.

1901 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காங்கிரசு மாநாடு நடந்தபொழுது, கழிவறைகள் தூய்மையின்றிக் கிடந்ததைக் காந்தியடிகள் கண்டார். அங்கிருந்த தொண்டரிடம் சொன்னார். அது தம் வேலையன்று, அதற்கென உள்ளவர் வேலை என்று விடை வந்தது. காந்தியடிகள் துடைப்பம் ஒன்றைக் கேட்டார். கேட்கப்பட்டவர் வியந்து விழித்தார். தாமே துடைப்பத்தைத் தேடிப் பெற்றுத் தூய்மை செய்தார் அடிகள். ஆயினும் அவர் தூய்மை செய்தது தாம் பயன்படுத்திய ஒன்றை மட்டுமே. கூட்டம் பெரிது, கழிவறைகளோ சில என்று அவரே பிற்காலத்தில் தம் வரலாற்றில் எழுதினார். ஒருவர் கை எடுத்த துடைப்பத்தைப் பல கைகள் தொடாத வரையில் அந்த மாநாட்டின் நிலை மாறவில்லை.

பள்ளிக்கூடமும் ஒரு சுற்றமே. பெரியவர்க்குச் சங்கமும் கொட்டகையும் துணையாவது போல், சிறுவர்க்குத் துணையாவது வகுப்பறை. பள்ளியிற் சேரும்போது நிரப்பும் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஓர் இடம் உண்டு. அதில் எழுதுவதற்கு முன் தயங்காத சிறுவர் பலர், தயங்குவோரும் சிலர். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை செய்பவரின் மகன் கம்பெனி வேலை என்று எழுதுகிறான். முடி திருத்துபவரின் மகள் சொந்தத் தொழில் என்று எழுதுகிறாள். தெருக் கூட்டுபவரின் மகன் நகராட்சி என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறான். எழுதியது எதுவும் பொய்யன்று. உண்மையின் எந்தப் பகுதியைச் சொன்னால் பிறர் சிரிக்கமாட்டார் என்பதை அச்சிறுவர் முன்னரே கணக்கிட்டுவிட்டனர். அக்கணக்கை அவர்க்குக் கற்பித்தவர் பெற்றோரல்லர், உடன் பயில்வோர்.

ஒரு நாள் ஆசிரியர் வகுப்பில் அவ்வினாவை வாய்மொழியாகக் கேட்கிறார். முறை வந்தபோது அந்நகராட்சிப் பணியாளரின் மகன் எழுந்து, தந்தை தெருக் கூட்டுபவர் என்று சொல்லிவிடுகிறான். வகுப்பில் ஒரு நொடி அமைதி. பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்குவான். அல்லது அருகில் இருப்பவன், கோயில் திருவிழாவுக்கு மறுநாள் வீதி முழுவதையும் விடிவதற்குள் தூய்மை செய்தவர் உன் தந்தைதானே என்று கேட்பான். பகலுணவை மறந்து வந்த மகனுக்காகத் தந்தை அன்று தூக்குப் பாத்திரத்துடன், பணிக்குரிய சட்டையோடு, பள்ளி வாயிலில் வந்து நிற்கிறார். அவரை நோக்கி அவன் ஓடிச் செல்வானா, தூணின் மறைவில் ஒதுங்கி மணி அடிக்கும் வரை காத்திருப்பானா என்பது அந்த நொடியிலேயே முடிவாகியிருக்கும்.